பந்தியும் ஆலோசனையும்

நட்பைப் பற்றிய பிரசங்கம் என்றால் நம் சபைகளில் தாவீதும் யோனத்தானும் தவறாமல் வந்துவிடுவார்கள். அதே தாவீதின் அரண்மனையில் இருந்த இன்னொரு நட்பைப் பற்றி நான் இதுவரை ஒரு பிரசங்கம்கூடக் கேட்டதில்லை. இரண்டாம் சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தில் அது வருகிறது. அரசனின் மூத்த மகன் அம்னோன், வேறு தாய்க்குப் பிறந்த தன் தங்கை தாமார்மேல் ஆசை வைத்து, அது நடக்காது என்ற ஏக்கத்தில் மெலிந்துகொண்டே போகிறான். இதைக் கவனித்து, ஏன் இப்படி இளைத்துப் போகிறாய் என்று அக்கறையோடு விசாரிக்கிறவன் அவன் நண்பன் யோனதாப். விஷயம் தெரிந்ததும் வழியும் அவனே சொல்லிக்கொடுக்கிறான்: நோயாளிபோல் படுத்துக்கொள், அப்பா பார்க்க வருவார், தாமார் வந்து என் கண்முன்னே சமைத்துத் தரட்டும் என்று கேள். அம்னோன் அப்படியே செய்து, வந்தவளைப் பலவந்தப்படுத்துகிறான். அந்தப் பெண்ணின் வாழ்க்கை அன்றோடு சிதைந்துபோகிறது. இரண்டு வருடம் கழித்து, ஆட்டு மயிர் கத்தரிக்கும் விருந்தில் தாமாரின் கூடப்பிறந்தவனான அப்சலோமின் ஆட்கள் அம்னோனை வெட்டிப்போடுகிறார்கள். அரசகுமாரர் எல்லாரும் செத்தார்கள் என்று செய்தி வந்து தாவீது தரையில் விழுந்து கிடக்கும்போது, பக்கத்தில் நிற்கிற யோனதாப் பதறாமல் பேசுகிறான். செத்தது அம்னோன் ஒருவன்தான்; தாமாருக்கு அது நடந்த நாளிலிருந்தே அப்சலோம் இதை முடிவுசெய்து வைத்திருந்தான் என்கிறான்.

யோனதாபுக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது. அம்னோன் விருந்துக்குக் கிளம்பியபோது ஒரு வார்த்தை எச்சரித்ததாக எங்கும் இல்லை.

இந்த யோனதாப் தாவீதின் அண்ணன் மகன். ஒரே குலம், ஒரே உடன்படிக்கை, ஒரே தேவனுடைய பேரைச் சொல்லி வளர்ந்தவன். பெலிஸ்தனோ அம்மோனியனோ அந்த வீட்டுக்குள் வரவில்லை. கெட்ட சகவாசம் எப்போதும் வெளியிலிருந்துதான் வருகிறது என்று நம் ஓய்வுநாள் பாடசாலைகளில் சொல்லிக்கொடுப்பதை இந்த ஒரு அதிகாரமே ஆட்டிவிடுகிறது. ஒரு கிறிஸ்தவன் யாரோடு பழகலாம் என்ற கேள்வியை நாம் பல தலைமுறைகளாக ‘யாரை ஒதுக்கலாம்’ என்ற கேள்வியாகவே கேட்டுவந்திருக்கிறோம். வேதத்தையும் சபை வரலாற்றையும் உட்கார்ந்து படித்தால் கேள்வி வேறு மாதிரித் தெரிகிறது. யாரோடு பந்தியில் உட்காருகிறேன் என்பது ஒன்று, யாருடைய ஆலோசனைப்படி நடக்கிறேன் என்பது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் நம்மில் பலர் அயலாரோடு சாப்பிடப் பயப்படுகிறோம், சொந்தக்காரன் சொல்லும் கெட்ட யோசனையைப் பயமில்லாமல் கேட்டுக்கொள்கிறோம்.

ஒதுக்குவதற்கு நாம் கையில் எடுக்கும் வசனங்களையே பார்க்கலாம். கெட்ட சகவாசம் நல்ல ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்ற பொருளில் 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுவது அவருடைய சொந்த வாக்கியம் அல்ல. அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் ஏதென்ஸில் வாழ்ந்த நகைச்சுவை நாடகாசிரியர் மெனாந்தருடையது என்பதே அறிஞர்களின் பொதுவான கருத்து. ‘தாயிஸ்’ என்ற நாடகத்தில் அது வந்ததாகச் சொல்கிறார்கள். தாயிஸ் ஒரு கணிகையின் பெயர். கெட்ட சேர்க்கையைப் பற்றி எச்சரிக்கவே புறஜாதி நாடக வரியை எடுத்துக் கையாளும் அளவுக்குப் பவுல் அந்த உலகத்தை அறிந்திருந்தார். அதைவிட முக்கியமானது அந்த இடத்தின் சந்தர்ப்பம். மரித்தோர் உயிர்த்தெழுதல் கிடையாது என்று பேசுகிறவர்கள் கொரிந்து சபைக்குள்ளேயே இருந்தார்கள்; எச்சரிக்கை அவர்களைப் பற்றியது. அதே நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் ஒரு தவறான புரிதலையும் அவரே திருத்துகிறார். துன்மார்க்கரோடு கலக்கவேண்டாம் என்று நான் எழுதியது வெளியாரைப் பற்றி அல்ல, அப்படியானால் நீங்கள் உலகத்தை விட்டே போகவேண்டியிருக்கும், சகோதரன் என்ற பேரை வைத்துக்கொண்டு அப்படி நடக்கிறவனைப் பற்றித்தான் சொன்னேன் என்கிறார். 10-ஆம் அதிகாரத்தில் இன்னும் தெளிவு: அவிசுவாசி விருந்துக்கு அழைத்து, உனக்கும் போக மனமிருந்தால், போ, வைத்ததைச் சாப்பிடு. விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவர் சொன்னால் மட்டும் அவர் மனசாட்சிக்காக நிறுத்திக்கொள்.

அவிசுவாசிகளோடு பிணைக்கப்படாதிருங்கள் என்கிற ‘அந்நிய நுகம்’ பற்றிய இடமும் இப்படித்தான். உழவு தெரிந்தவர்களுக்கு அந்த உருவகம் உடனே புரியும். உயரமும் நடையும் ஒவ்வாத இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டினால் ஏர் கோணும், ஒரு மாட்டின் கழுத்து புண்ணாகும். அந்த இரண்டு மாடுகளும் ஒரே தொழுவத்தில் நிற்பதிலோ ஒரே தொட்டியில் தண்ணீர் குடிப்பதிலோ எந்தக் கஷ்டமும் இல்லை. நுகம் என்பது திசையையும் வேகத்தையும் இன்னொருவரோடு கட்டிக்கொள்கிற உறவு. திருமணம் அப்படிப்பட்டது. இருவர் முதல் போட்டு நடத்தும் வியாபாரம் பலநேரம் அப்படிப்பட்டது. பக்கத்து வீட்டு நண்பனோடு டீ குடிப்பது நுகம் அல்ல.

சங்கீதப் புத்தகம் தொடங்குவதே ஆலோசனையில்தான். நடப்பது, நிற்பது, உட்காருவது என்று மூன்று படியாக அந்த முதல் சங்கீதம் இறங்குகிறது; முதல் படி, யாருடைய யோசனையின்படி கால் எடுத்துவைக்கிறோம் என்பது. ரெகொபெயாமின் கதை அதற்கு உரைபோல் இருக்கிறது. பட்டத்துக்கு வரும்போது அவனுக்கு வயது 41. தகப்பன் சாலொமோனுக்கு ஆலோசனை சொன்ன முதியோர், ஜனங்களிடம் தயவாகப் பேசு என்றார்கள். தன்னோடு வளர்ந்தவர்கள், இன்னும் கடினமாகப் பேசு என்றார்கள். இரண்டாவதைக் கேட்டான், பத்துக் கோத்திரங்கள் போயின. அந்தக் கூட்டாளிகள் கெட்டவர்கள் என்று வேதம் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்து, அவன் கேட்க விரும்பியதைச் சொல்லத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான். நம் வள்ளுவரும் இதைப் பிரித்தே வைத்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். நட்பு, நட்பாராய்தல், தீ நட்பு எல்லாம் 79-ஆம் அதிகாரத்திலிருந்து வருகின்றன. ஆனால் பெரியாரைத் துணைக்கோடலும் சிற்றினம் சேராமையும் 45, 46-ஆம் அதிகாரங்களாக முன்னாலேயே, அரசியலுக்குள் நிற்கின்றன. அரசன் யாரைத் துணையாகக் கொள்கிறான் என்பது நட்பின் கணக்கில் வரவில்லை, ஆட்சியின் கணக்கில் வருகிறது.

இயேசுவிடம் இந்த இரண்டும் எப்படி இருந்தன? அவருடைய பந்தி எல்லாருக்கும் திறந்திருந்தது. ஆயக்காரருக்கும் பாவிகளுக்கும் சிநேகிதன் என்பது எதிரிகள் அவருக்குச் சூட்டிய பேர். அவர் அதை மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு பேரைத் தம்மோடு வைத்துக்கொள்ளும் முன் ஒரு இரவு முழுவதும் மலையில் ஜெபித்தார் என்று லூக்கா சொல்கிறார். பந்திக்கு அப்படி ஜெபித்துத் தேர்ந்தெடுத்ததாக எங்கும் இல்லை. அந்தப் பன்னிருவரிலும் மறுரூப மலைக்கும் கெத்செமனேக்கும் கூட்டிக்கொண்டுபோனது மூன்று பேரை. சிலுவை வேண்டாம் என்று பேதுரு அன்போடுதான் சொன்னான். நெருங்கியவன் என்பதற்காக அந்த யோசனையை அவர் ஒரு நொடிகூட ஏற்கவில்லை. பேதுருவைத் தள்ளிவிடவும் இல்லை.

சபைப் பிதாக்களில் நட்பின் காயத்தை அகஸ்தீனைப் போல் திறந்து காட்டியவர் யாருமில்லை. 354-இல் இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தாகாஸ்தே என்ற சிற்றூரில் பிறந்தவர். தம் ‘அறிக்கைகள்’ நூலில் பதினாறு வயதில் செய்த ஒரு திருட்டை அவர் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். இரவில் கூட்டாளிகளோடு போய்ப் பக்கத்துத் தோட்டத்துப் பேரிக்காய் மரத்தை உலுக்கிக் காய்களை அள்ளிவந்தார்கள். பசியில்லை, வீட்டிலேயே அதைவிட நல்ல காய் இருந்தது, பெரும்பாலானதைப் பன்றிகளுக்குப் போட்டார்கள். தனியாக இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேன் என்கிறார். அந்த வாக்குமூலம் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறது, ஏனென்றால் அவர் நண்பர்கள்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கவில்லை. சேர்ந்து செய்ததில் கிடைத்த அந்தச் சிரிப்பை நானே விரும்பினேன் என்று தன் கையையே பிடித்துக் காட்டுகிறார். என் பையன் நல்லவன், சேர்க்கைதான் சரியில்லை என்று ஒவ்வொரு பெற்றோரும் சொல்கிறார்களே. அந்தச் சேர்க்கையில் இருக்கும் மற்ற எல்லாப் பையன்களின் பெற்றோரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அகஸ்தீனுடைய நண்பர் அலீப்பியுஸின் கதை இன்னும் நுட்பமானது. ரோமில் சட்டம் படிக்கப்போன இடத்தில், வாள்வீரர் சண்டையை வெறுத்த அவரைத் தோழர்கள் விளையாட்டாக இழுத்துப்போனார்கள். உடம்பைத்தான் கொண்டுபோவீர்கள், கண்ணை மூடிக்கொள்வேன் என்றார். மூடினார். காதை மூடவில்லை. கூட்டம் கூவிய கூவலில் கண் திறந்தது, இரத்தம் தெரிந்தது, பிறகு மற்றவர்களை இழுத்துக்கொண்டு போகிறவர் அவரே ஆனார். தன் பலத்தை நம்பிப் போனதுதான் விழுந்ததற்குக் காரணம் என்று அகஸ்தீன் எழுதுகிறார். ஆனால் 386-இல் மிலான் தோட்டத்தில் அகஸ்தீன் மனம் திரும்பியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் இதே அலீப்பியுஸ்தான். அடுத்த வருடம் இருவரும் ஒன்றாக ஞானஸ்நானம் பெற்றார்கள். பிற்பாடு அவர் தாகாஸ்தேவின் ஆயரானார்.

தனிப்பட்ட நட்பே கிறிஸ்தவனுக்கு ஆகுமா என்ற கேள்வியும் சபையில் எழுந்தது. எல்லாரிடமும் அன்புகூரச் சொன்ன மார்க்கத்தில் ஒருவனை மட்டும் கூடுதலாக நேசிப்பது எப்படிச் சரி என்று ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் வாதித்தபோது, நோல்ஸ் அம்மையார் என்ற குவேக்கர் பெண், பன்னிரு சீடரில் இயேசு விசேஷமாக நேசித்த ஒருவர் இருந்தாரே என்று நினைவூட்டினார். ஜான்சன் அந்தப் பதிலை மனமாரப் பாராட்டினார். டென்மார்க்கின் சிந்தனையாளர் கிர்க்கெகார்ட் 1847-இல் எழுதிய ‘அன்பின் செயல்கள்’ நூலில் இதே சந்தேகத்தை இன்னும் ஆழமாகத் தோண்டினார். நட்பில் பலநேரம் நாம் நேசிப்பது நம்மையேதான் என்று அவர் சொன்னதைத் தள்ள முடியாது. இவர்களுக்கெல்லாம் முன்பே இதற்குப் பதில் தந்தவர் இங்கிலாந்தின் ரீவோ மடத்தில் 1147 முதல் 1167 வரை தலைவராக இருந்த ஏல்ரெட். இளவயதில் சிசெரோவின் நட்பு நூலில் மயங்கி, பிறகு அதையே கிறிஸ்துவின் வெளிச்சத்தில் திரும்ப எழுதினார். அவர் சொல்லும் படிகள் நான்கு: தேர்ந்தெடுத்தல், சோதித்தல், ஏற்றுக்கொள்ளல், ஒருமனமாய் வாழ்தல். சோதிப்பது எதை? விசுவாசத்தை, நோக்கத்தை, விவேகத்தை, பொறுமையை. அன்பு எல்லாருக்கும் உண்டு, மனதைத் திறந்து ஒப்படைப்பது சோதித்தவர்களிடம் மட்டும் என்பதே அவர் சொல்வதன் சாரம். நம் காலத்தில் இரண்டாவது படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். முகாமில் மூன்று நாள் பழக்கம், நாலாம் நாள் வீட்டு ரகசியமெல்லாம் அவர்கள் கையில்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-இல் தம் சிறு குழுக்களுக்கு விதிகள் எழுதினார். வாரம் ஒருமுறையாவது கூடவேண்டும், செய்த பாவத்தையும் பட்ட சோதனையையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். சேரும் முன்பே, உன் குறைகளை முகத்துக்கு நேராகச் சொல்வதற்குச் சம்மதமா என்று கேட்பார்கள். ஜெர்மனியில் இறையியலாளர் போன்ஹோஃபர் நடத்திய, 1937-இல் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாப்போ மூடிய ஃபிங்கென்வால்டே குருமடத்தில் இன்னொரு விதி இருந்தது. ஒரு சகோதரன் இல்லாத இடத்தில் அவனைப் பற்றிப் பேசக்கூடாது. பேசிவிட்டால் போய் அவனிடமே அதைச் சொல்லவேண்டும்.

அந்த விதியைப் படித்த அன்று நான் வெகுநேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கல்லூரி விடுதியில் எங்களுக்கு ஒரு ஜெபக்குழு இருந்தது. எட்டுப் பேர். இரவு மெஸ் முடிந்து ஒன்பது மணிக்கு ஒரு அறையில் பாய் விரித்து உட்காருவோம். பாட்டு, வசனம், பிறகு ஜெபக் குறிப்புகள். எங்களில் ஒருவன் ஒரு பெண்ணோடு பேருந்து நிலையத்தில் நின்றதை யாரோ பார்த்தார்கள். அன்றிலிருந்து அவன் வராத நாட்களில் எல்லாம் அவன் ஒரு ஜெபக் குறிப்பு ஆனான். கண்ணீரோடு ஜெபித்தோம். ஜெபத்துக்கு முன்னால் விவரங்கள் வேண்டுமே. எந்த பஸ், எத்தனை மணி, அவள் எந்த ஊர், எந்த ஆட்கள். ஒரு மாதத்தில் விடுதி முழுவதும் பரவிவிட்டது. அவன் குழுவை விட்டான், பிறகு ஆராதனையை விட்டான். என் அறைத்தோழன் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன், நெற்றியில் திருநீறு இல்லாமல் கீழே இறங்கமாட்டான். ஒருநாள் நான் இதைச் சொல்லி வருத்தப்பட்டபோது, துணி மடித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, “ஏலே, இத்தன நாள் ஜெபிச்சியளே, அவன்கிட்ட ஒருத்தனாவது நேர்ல போய்க் கேட்டியளா?” என்றான். யாரும் கேட்டிருக்கவில்லை. அந்தப் பெண் அவனுடைய சித்தி மகள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த எட்டுப் பேரில் நான் ஒருவன். அந்த வருடம் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல ஆலோசனை குழுவுக்கு வெளியிலிருந்து வந்தது.

பேச்சு இனிக்கிறவனை அடையாளம் காண்பது கஷ்டம் என்பதை ஜான் பனியன் அறிந்திருந்தார். 1678-இல் வெளிவந்த மோட்சப் பிரயாணத்தில், வாய்ப்பேச்சுக்காரனிடம் ஏமாறப் பார்க்கிறவன் நல்லவனான உண்மையுள்ளவன். வாய்ப்பேச்சுக்காரனை இனங்கண்டவன் ஒரே ஊர்க்காரனான கிறிஸ்தியான், ஏனென்றால் அவன் வீட்டில் எப்படி நடக்கிறான் என்பது ஊருக்குத் தெரியும். பாளையங்கோட்டைப் பக்கம் வாழ்ந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறியவர், இந்தக் கதையைத் தழுவித்தான் 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தைத் தந்தார். தனியாகப் புறப்படும் யாத்திரிகன் கடைசி ஆற்றைத் துணையோடு கடக்கிறான். ஆற்றில் அவன் மூழ்கும்போது தலையைத் தூக்கிப் பிடிக்கிறவன் நம்பிக்கை என்னும் தோழன்.

மதம் கடந்த நட்புக்கு நம் மண்ணிலேயே ஒரு கல் சாட்சி இருக்கிறது. தஞ்சாவூர் சுவார்ட்ஸ் தேவாலயத்தில், இங்கிலாந்துச் சிற்பி ஃப்ளாக்ஸ்மன் செய்த பளிங்குச் சிற்பம். 1798-இல் இறந்த மிஷனரி சுவார்ட்ஸ் படுக்கையில் கிடக்க, சரபோஜி மன்னர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதை வைத்தவரும் சரபோஜிதான். அவர் கடைசிவரை கிறிஸ்தவர் ஆகவில்லை. சுவார்ட்ஸிடம் வளர்ந்த இன்னொரு மாணவர் வேதநாயக சாஸ்திரியார் கிறிஸ்தவப் புலவராகவே வாழ்ந்து, சரபோஜியின் ஆதரவையும் பெற்றார். அந்த நட்பில் யாருடைய விசுவாசமும் கரைந்துபோகவில்லை.

சபைக்குள்ளேயே பந்தி மூடிக்கிடந்த வரலாறும் நமக்கு உண்டு. 1910 ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 35 வயதில், மேற்கத்தியத் தலைவர்கள் நிறைந்த மன்றத்தில் எழுந்து பேசினார். மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொன்னார், பிறகு அவர்கள் தராமல் வைத்திருந்த ஒன்றைக் கேட்டார்: நட்பு. அன்று சபையில் பலர் சங்கடப்பட்டார்கள். இரண்டு வருடம் கழித்து அவர் தோர்ணக்கல்லின் ஆயராக, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயராக அபிஷேகம் பெற்றார். அசரியா வெள்ளைக்காரரிடம் கேட்டதை நம் ஊரிலேயே ஒருவர் இன்னொருவரிடம் கேட்கவேண்டியிருந்தது. வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயம் இரண்டு சாதிகளுக்காக இரண்டு கூடங்களாகக் கட்டப்பட்டு, நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். சுவர் இடிக்கப்பட்டபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. இன்றும் ‘நல்ல குடும்பம், நல்ல சேர்க்கை’ என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதில் எவ்வளவு சாதி, எவ்வளவு பக்தி என்று எடைபோட்டுப் பார்க்கவேண்டும். பிள்ளை ஒருவன் வீட்டுக்குப் போகக்கூடாது என்று தடுக்கிறோம். அவன் பொய் சொல்கிறவனா, குடிக்கிறவனா என்று விசாரித்தோமா, அவன் எந்தத் தெரு என்று விசாரித்தோமா?

சேர்க்கையைப் பற்றிய நவீன ஆய்வுகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். நியூயார்க் மாகாண உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த டெனிஸ் கேண்டெல் 1978-இல் காட்டியது இது: நண்பர்கள் ஒரேமாதிரி இருப்பதற்கு, பழகி மாறுவது ஒரு காரணம், முதலிலேயே தன்னைப் போன்றவனைத் தேடிப்போவது கிட்டத்தட்ட அதே அளவு காரணம். அகஸ்தீன் தன் கையைப் பிடித்துக் காட்டியது இதைத்தான். இரண்டாவது, திஷன், மெக்கார்டு, பூலின் மூவரும் 1999-இல் வெளியிட்டது. வழிதவறிய பிள்ளைகளை ஒன்றுசேர்த்துச் சீர்திருத்த நடத்திய குழுக்களும் முகாம்களும் சிலநேரம் அவர்களை இன்னும் கெடுத்தன. தவறைச் சொல்லும்போது சக பையன்கள் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பே பரிசானது. நம் சபைகளில் ‘பிரச்சினைப் பிள்ளைகள்’ என்று தனி முகாம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அப்படிப்பட்ட ஒரு பையனை ஒரு நல்ல தம்பதியர் ஞாயிறு மதியம் தங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்குத் தொடர்ந்து அழைப்பது எந்த முகாமையும்விடப் பலன் தரும் என்று நான் நம்புகிறேன். அங்கே பந்தியும் ஆலோசனையும் ஒரே இடத்தில் கிடைக்கிறது.

இன்று ஆலோசனை பெரும்பாலும் கைப்பேசியில் வருகிறது. இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் கிடந்து கேட்கும் பிரசங்கியாருக்கு என் பேர் தெரியாது. நான் என் மனைவியிடம் எப்படிப் பேசினேன் என்று தெரியாது. அவர் சொல்வது சத்தியமாகவே இருக்கலாம். ஆனால் ஏல்ரெட் சொன்ன சோதனைக்கு அவரை நானும் உட்படுத்த முடியாது, என் முகத்தைப் பார்த்து என் குறையை அவரும் சொல்ல முடியாது. காணிக்கை அனுப்புகிற எண்ணோடு வரும் ஆசீர்வாத வாக்குக்கும், அயலாரைப் பற்றி வெறுப்பைப் பரப்பும் பகிர்வுக்கும் நாம் ஒரு நாளில் கொடுக்கிற நேரத்தை, நம்மை அறிந்த ஒரு பெரியவரோடு ஒரு மாதத்திலாவது செலவிடுகிறோமா?

ஆலோசனைக்கு உரியவர் என்று ஒருவரைத் தீர்மானித்த பிறகும் தீர்ப்பு தவறலாம். பம்பிலியாவில் பயணத்தைப் பாதியில் விட்டுப்போன மாற்கை மறுபடி கூட்டிக்கொண்டுபோக முடியாது என்றார் பவுல். போகலாம் என்றார் பர்னபா. கடுமையான வாக்குவாதம், இருவரும் பிரிந்தார்கள். பர்னபா மாற்கோடு கப்பலேறிச் சீப்புருவுக்குப் போனார். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசியில் பவுல் சிறையில் இருக்கிறார். தேமா விட்டுப்போய்விட்டான், லூக்கா மட்டும் கூட இருக்கிறார். குளிர்காலத்துக்கு முன் வந்துவிடு என்கிறார் தீமோத்தேயுவிடம். துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும், விசேஷமாகத் தோற்சுருள்களையும் எடுத்துவரச் சொல்கிறார். வரும்போது மாற்கையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்.